கடைசியில் நடப்பவள்

பணம் கட்டியவர்கள் பன்னிரண்டு பேர்.
ஹெஸ்டர் முன்னால், நான் பின்னால்.
மஞ்சள் மேற்சட்டை, முதலுதவிப் பை,
யாராவது புதர்ப் பக்கம் ஒதுங்கினால்
வேறெங்கோ பார்த்தபடி நிற்கிற பொறுப்பு.

கதவுகளைச் சாத்துவதும் என் வேலைதான்.
இந்தக் குன்றில் ஏழு கதவு.
இரண்டாவதற்கு நீலக் கயிறுதான் தாழ்ப்பாள்.
ஐந்தாவது எப்படிச் சாத்தினாலும் திறந்துகொள்ளும்.
கடைசியைத் தூக்கித்தான் மூட வேண்டும்.

ஒவ்வொரு கதவிலும் ஹெஸ்டர் தலை எண்ணுவாள்,
கம்பிரியாவின் இடையர்கள்
ஒரு காலத்தில் ஆடு எண்ணிய சொற்களில்.
ஒன்றுக்கு யான். இரண்டுக்கு டான்.
டெதெரா, மெதெரா, பிம்ப்.
ஐந்தாவதில் யாராவது சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும் என்று அங்கே கொஞ்சம் நிறுத்துவாள்.

பெரிய மலை இல்லை இது.
வடக்கே இருக்கிற மலைகள்
இதை ஒரு மலையாகவே மதிப்பதில்லை.
ஆனாலும் உச்சிக்குப் போனால் ஏரி முழுக்கத் தெரியும்,
தலையிலிருந்து கால் வரை, நடுவில் மூன்று தீவு.
துண்டறிக்கையில் அந்தப் படத்தைத்தான் போட்டிருக்கிறோம்.

இன்றைக்கு மூடுபனி.

மூன்றாவது கதவில் எண்ணிக்கை பதின்மூன்று.
மறுபடி எண்ணினாள். பதின்மூன்றேதான்.
கெண்டலிலிருந்து வந்த அக்கா தங்கை,
முழங்கால் மாற்றிக்கொண்ட பல் டாக்டர் ராண்டல்,
வாய் திறக்காமல் சண்டை போட்டபடி நடக்கும் ஜோடி,
மழைக்கோட்டுக்குள் முகம் தெரியாத ஏழு பேர்,
அப்புறம், எனக்கு நேர் முன்னால், ஒருவன்.
ரப்பர் பூட்ஸ். தோளில் தீவன மூட்டை. காலடியில் நாய்.
எங்கே வந்து சேர்ந்தான் என்று
கடைசியில் நடக்கிற எனக்கே தெரியவில்லை.

"இது என் நிலம்" என்றான், யாரும் கேட்காமலே.
"பனியில் தனியாகப் போவதற்கு
உங்கள் இரைச்சல் தேவலை."

நீங்களும் அந்தச் சொற்களில்தான் எண்ணுவீர்களா,
தங்கைக்காரி ஆசையாகக் கேட்டாள்.
"போனில் ஒரு ஆப் இருக்கு."

உச்சி. கற்குவியல்.
ஃபிளாஸ்க் மூடிகள் திருகும் சத்தம்.
ஹெஸ்டர் கையை நீட்டினாள்,
பதினோரு வருஷமாக இதே கல்மேல் நின்று நீட்டிய கை.
அதோ ஏரி. அதோ படகுத்துறை. வலப்பக்கம் தீவுகள்.
எல்லோரும் வெள்ளையைப் பார்த்தார்கள்.
ராண்டல் வெள்ளையைப் படம் எடுத்தார்,
இரண்டு தடவை. முதல் படம் ஆடிவிட்டதாம்.

அவன் மூட்டையை இறக்கி வைத்தான்.
மருந்து புகட்ட ஆட்டுக்குட்டியின் தாடையைத் திருப்புவதுபோல
அவள் மணிக்கட்டைப் பிடித்து
தெற்கிலிருந்து மேற்குக்குக் கொண்டுபோனான்.
"அங்கே இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை.
ஹெஸ்டர் கையை இறக்கவுமில்லை.
ஒரு வெள்ளையிலிருந்து இன்னொரு வெள்ளைக்குத்
தலைகள் திரும்பின.
சண்டைக்காரப் பெண் மட்டும் "ஆமாம்" என்றாள்.
எதைப் பார்த்துச் சொன்னாளோ,
அவள் பார்த்த இடத்தை அவனும் பார்த்தான்,
காலையிலிருந்து முதல் தடவையாக.
ராண்டல் இந்த வெள்ளையையும் எடுத்துக்கொண்டார்.

அப்போது கீழே ஒரு படகு ஊதியது.
அவள் காட்டிய பக்கமும் இல்லை,
அவன் காட்டிய பக்கமும் இல்லை,
இரண்டுக்கும் நடுவிலிருந்து.
நாய்தான் முதலில் காதைத் திருப்பியது.

ஆறாவது கதவுக்கு முன்பே எங்கோ அவன் கழன்றுவிட்டான்.
போய் வருகிறேன் என்று சொல்லவில்லை.
தீவன வாசனை மட்டும் கொஞ்ச தூரம் கூட வந்தது.
ஹெஸ்டர் பன்னிரண்டு எண்ணினாள்.
கணக்கு சரியாக வந்ததில்
அவள் முகம் ஏனோ தெளியவில்லை.

ஏழாவது கதவு.
எல்லோரும் கார்களை நோக்கி,
ஈரக் காலுறை பற்றிப் பேசிக்கொண்டு.
அவள் கணக்கில் அவளும் கிடையாது, நானும் கிடையாது.
கதவைத் தூக்கிச் சாத்தினேன்.
குன்றின்மேல் பனி அப்படியே நின்றது.
உள்ளே எங்கோ ஒரு ஆடு, வயசானவர்போல, இருமியது.

தாழ்ப்பாளில் கை வைத்து,
யாருக்கும் கேட்காமல் எண்ணினேன்.

யான்.